பேறுகாலச் சம்பளத்துக்குப் பொது நிதி வேண்டும்

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் தனியார் துறையில் பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அந்த 98 நாள் சம்பளத்தையும் கொடுப்பவர் அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி ஒருவரே. இது மாற வேண்டும். பேறுகாலச் சம்பளம் பொது நிதியிலிருந்து வர வேண்டும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஆயிரக்கணக்கானோரை வைத்திருக்கும் மின்னணுத் தொழிற்சாலை இதைத் தாங்கும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மூன்று பெண்களை வைத்துத் துணிக்கடை நடத்துபவர் என்ன செய்வார்? ஒருவர் பிரசவத்துக்குப் போனால் அவருக்கும் சம்பளம், அவர் இடத்தில் நிற்பவருக்கும் சம்பளம். கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வேலைக்கே எடுக்காமல் விடுவதை எது தடுக்கும்? “கல்யாணம் ஆயிடுச்சா? பிள்ளைங்க இருக்கா?” என்று கேட்டுவிட்டு, “அப்புறம் கூப்பிடுறோம்” என்று அனுப்பிவிட்டால் கதை முடிந்தது.

தகுதி விதி இன்னும் கொடுமையானது. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்துக்குள் ஒரு நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்த வேலைக்காரி ஒருவரை வைத்துப் பாருங்கள். பிரசவத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது பழைய ஒப்பந்தம் முடிகிறது. இரண்டரை மாதம் இருக்கும்போது புது இடத்தில் வேலை கிடைக்கிறது. பழைய முதலாளிக்கு நான்கு மாதக் கணக்கு இடிக்கிறது, புதியவருக்கு 90 நாள் கணக்கு இடிக்கிறது. பல வருடம் உழைத்தவருக்கு ஒரு வெள்ளி கிடையாது. தகப்பனோ ஒரே முதலாளியிடம் 12 மாதம் இருந்திருக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவருக்குச் சட்டத்தின் பேறுகாலப் பகுதியே பொருந்தாது. பலர் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இந்தக் காலத்தில், ‘அதே முதலாளி’ என்ற நிபந்தனை யாரைக் காப்பாற்றும்?

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை 2000-இலேயே 14 வார விடுமுறையைச் சொன்னது. 14 வாரம் என்றால் 98 நாள். அதே உடன்படிக்கை, இந்தச் செலவைப் பொதுவாகத் தனி முதலாளியின் தலையில் கட்டாமல் சமூகக் காப்புறுதியிலோ அரசுப் பணத்திலோ கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் எண்ணை எடுத்துக்கொண்டோம், வழியை விட்டுவிட்டோம்.

பொது நிதி பினாங்குக்குப் புதிதல்ல. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள், ஆட்கள் வேலை செய்த நாள் கணக்குப்படி அதில் பணம் கட்டினார்கள். நம் பாட்டன் பாட்டிகள் பலருக்குக் கப்பல் செலவு அதில்தான் போனது. அவர்களில் பலர் பினாங்கில் இறங்கித்தான் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு தோட்டம் செலவழித்துக் கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டம் இழுத்துக்கொண்ட சண்டைக்கு அந்த நிதி ஒரு தீர்வாக இருந்தது. ஆள் கொண்டுவர அன்று கூட்டாகப் பணம் போட முடிந்தது. பிள்ளை பெறும் தொழிலாளிக்காக இன்று ஏன் முடியாது?

அமைப்பும் கையில் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ 1971 முதல் இயங்குகிறது. வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு 2018 முதல் முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகூட வருடம் 120 வெள்ளி கட்டிப் பாதுகாப்பு பெறலாம். முதலாளியே இல்லாதவரையும் சேர்க்கத் தெரிந்த நிறுவனம் பிரசவத்தை மட்டும் விட்டுவைப்பதற்கு நியாயம் இல்லை.

சிங்கப்பூரில் பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் தாய்க்கு 16 வாரம். முதல் இரு பிள்ளைகளுக்கு 8 வாரச் சம்பளத்தை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு திருப்பித் தருகிறது. சொந்தத் தொழில் செய்பவரும் தகுதி பெறலாம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது. முதலாளி யார் என்று கேட்பதில்லை.

இதற்காகப் பெர்கேசோ சந்தா கூடினால் முதலாளிகள் முணுமுணுப்பார்கள். சிறு வியாபாரிக்கு இது சுமை இறக்கம் என்பதை அரசாங்கம் எடுத்துச் சொல்ல வேண்டும். கடைசி 12 மாதத்தில் மூன்று மாதம் யாரிடம் வேலை செய்து சந்தா கட்டியிருந்தாலும் தாய்க்கும் தகப்பனுக்கும் தகுதி உண்டு என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வீட்டு வேலை செய்பவரும், உணவு விநியோகம் செய்பவரும், பூக்கடை வைத்திருப்பவரும் உள்ளே வர வேண்டும். கட்ட முடியாதவரின் பங்கை அரசாங்கம் போட வேண்டும். பினாங்கின் 13 நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் மனிதவள அமைச்சிடம் இதைக் கேட்க வேண்டும்.