சிகரங்களின் உயரமும் தனிமையும்: மூன்று மீட்டர் வேறுபாடு எழுப்பும் கேள்வி

மெட்டுகுடா (ஐதராபாத்): தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி என்பதில் ஐயமில்லை. அதன் உயரம் 2695 மீட்டர். ஆனால், இரண்டாம் இடம் வெறும் மூன்று மீட்டரில் தீர்மானிக்கப்படுகிறது. கேரளத்தின் மீசைப்புலிமலை 2640 மீட்டர் எனவும், நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர் எனவும் குறிக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம் என்பது அளவீட்டு முறையைப் பொறுத்தது.

அதற்கான அறிவு குவிந்துள்ள நகரங்களுள் ஐதராபாத் முக்கியமானது. மெட்டுகுடாவிலிருந்து நாகோல் நோக்கிச் செல்லும் மெட்ரோ வழித்தடத்தில் மூன்றாவது நிலையம், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. அதே தடத்திலுள்ள உப்பலில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சிக் கழகமும், பாலாநகரில் தேசிய தொலையுணர்வு மையமும் இயங்குகின்றன. நேபாள நிலநடுக்கத்தை அடுத்து எவரெஸ்ட் மீண்டும் அளக்கப்படும் என்று அப்போதைய தலைமை நில அளவையாளர் சுவர்ண சுப்பா ராவ் 2017 ஜனவரியில் அறிவித்ததும் இந்நகரில்தான். எனினும், அப்பணியைத் தானே மேற்கொள்ள நேபாளம் முடிவு செய்தது. நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பர் 8-ஆம் தேதி கூட்டாக அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். இந்திய நில அளவைத் துறை 1950-களில் கணக்கிட்ட 8848 மீட்டருடன் ஒப்பிட்டால், வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு.

மூன்று அளவுகள்

ஒரு சிகரத்தை மதிப்பிட உயரம் மட்டும் போதாது. அதைவிட உயர்ந்த நிலம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது ‘தனிமை’. உயர்ந்த மற்றொரு சிகரத்தை அடைய, குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும் என்பது ‘புடைப்பு’. ஆனைமுடியைவிட உயர்ந்த நிலம் இமயமலையில்தான் உள்ளது. எனவே அதன் தனிமை சுமார் 2100 கிலோமீட்டர். புடைப்பு சுமார் 2480 மீட்டர்.

உயரத்தில் ஏறக்குறைய சமமான இரு சிகரங்கள் இவ்வளவுகளில் பெரிதும் வேறுபடலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நிற்கும் தொட்டபெட்டாவிலிருந்து ஆனைமுடி சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மீசைப்புலிமலைக்கோ அது 20 கிலோமீட்டருக்குள்ளேயே அமைந்துள்ளது. மலையுச்சிச் சோலைக்காடுகளின் உயிரினங்கள் எவ்வாறு தனித்துப் பிரிந்தன என்பதை ஆராய்வோருக்கும் இத்தகைய இடைவெளிகள் முக்கியமானவை.

பிழை நுழையும் இடங்கள்

செயற்கைக்கோள் வழி இடங்காட்டிக் கருவிகள் அடிப்படையில் தருவது, பூமியின் கணித வடிவத்திலிருந்து கணக்கிடப்படும் உயரத்தையே. கடல் மட்டத்திலிருந்து அல்ல. இந்தியாவின் தெற்கே புவியீர்ப்பு குறைந்திருப்பதால் இவ்விரண்டுக்கும் இடைவெளி அதிகம். ஐதராபாத் பகுதியில் இது 70 மீட்டரைத் தாண்டுகிறது. துல்லியமான புவியீர்ப்புத் தரவு இன்றி இதைத் திருத்த இயலாது.

தனிமையையும் புடைப்பையும் கணிக்க, சிகரத்துடன் சுற்றியுள்ள நிலம் முழுவதன் உயரமும் தேவை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க விண்கலம் ரேடார் மூலம் திரட்டிய தரவும், 2005-இல் இந்தியா ஏவிய கார்டோசாட்-1 தந்த தரவும் இதற்கு உதவுகின்றன. இத்தகைய தரவுகளைக் கொண்டு ஆண்ட்ரூ கிர்ம்ஸ், ஜோனதன் டி ஃபெரான்டி ஆகியோர் 2017-இல் உலகின் சுமார் 78 லட்சம் சிகரங்களுக்குப் புடைப்பைக் கணினி வழியே கணக்கிட்டனர்.

ஆனால், 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம் என்ற முறையில் கூர்மையான சிகர நுனி சராசரியில் மழுங்கிவிடுகிறது. அடர்காடு மூடிய கணவாயிலோ, ரேடார் அலை தரையைத் தொடாமல் மரங்களின் மேற்பகுதியிலிருந்து திரும்புகிறது. சிகரம் தாழ்வாகவும் கணவாய் உயர்வாகவும் பதிவாவதால், இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல், புடைப்பைக் குறைத்தே காட்டுகின்றன.

தனிமையைப் பொறுத்தவரை விளைவு இன்னும் கடுமையானது. அருகருகே உள்ள இரு சிகரங்களில் உயர்ந்ததாகக் கருதப்படுவதே நெடுந்தொலைவுத் தனிமையைப் பெறும்; மற்றதற்கு அண்டைச் சிகரம் வரையிலான தொலைவு மட்டுமே மிஞ்சும். ஒரு மீட்டர் பிழைகூட இவ்விரண்டின் இடத்தையும் மாற்றிவிடக்கூடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சிகரமாகச் சில பட்டியல்கள் 1680 மீட்டர் உயரமுள்ள அர்மா கொண்டாவையும், வேறு சில 1690 மீட்டர் என ஜிந்தகடாவையும் குறிப்பிடுவது இங்கு கவனிக்கத்தக்கது.

அடுத்த கட்டம்

2022-ஆம் ஆண்டின் தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர், மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் துல்லியம் கொண்ட உயரத் தரவை உருவாக்க இலக்கு வகுத்துள்ளது. இது எட்டப்பட்டால் கணவாய்களின் உயரமும், அதன்வழி புடைப்பும் தெளிவாகும். ஆயினும், மீசைப்புலிமலைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையிலான மூன்று மீட்டர், அந்த இலக்கின் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அத்தகைய சிகரங்களில் கருவியுடன் உச்சிக்கு ஏறி நேரடியாக அளப்பதற்கு மாற்று இல்லை.