உப்பிப்போன பேட்டரி எங்கே போகிறது?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் செல்போன் ரிப்பேர் கடைகளில் தினமும் நடக்கிற பேச்சு இது.

"அண்ணே, போன் முதுகு தூக்கிக்கிட்டு நிக்குது. என்னன்னு பாருங்க."

"பேட்டரி உப்பிடுச்சு தம்பி. மாத்திடலாம். அரை மணி நேரம் கழிச்சு வாங்க."

அரை மணி நேரத்தில் புது பேட்டரி ஏறிவிடும். காசைக் கொடுத்துவிட்டு தம்பி பழனி பஸ்சைப் பிடிக்க ஓடிவிடுவார். கழற்றிய பழைய பேட்டரி? அதைத் தம்பியும் கேட்பதில்லை. அண்ணனும் சொல்வதில்லை. மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியில் போய் விழுகிறது. பெட்டி நிறைந்தால் பழைய இரும்புக் கடை. இல்லாவிட்டால் குப்பை வண்டி.

பேட்டரியில் குறை என்று தெரிந்ததும் உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் என்ன பாடு பட்டன என்று தெரிந்தவர்களுக்கு, அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

நோக்கியா பீதி

2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். செல்போன் என்றாலே நோக்கியாதான் என்றிருந்த நேரம். அந்த போன்களில் இருந்த பி.எல்.-5சி என்ற பேட்டரியில் கோளாறு என்று கம்பெனியே அறிவித்தது. ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே தயாரித்துக் கொடுத்த சரக்கு. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள்!

சார்ஜ் ஏறும்போது சூடாகும் என்பதுதான் புகார். உலகம் முழுவதும் சேர்த்து நடந்த சம்பவங்கள் சுமார் 100. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனாலும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நோக்கியா சொன்னது.

விடுவார்களா ஜனங்கள்? "போன் வெடிக்குதாம்ல!" என்று நாடு முழுவதும் பீதி. சர்வீஸ் சென்டர் வாசல்களில் கூட்டம். பேட்டரியின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த 26 எழுத்து நம்பரைப் படிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

அதில் ஒரு சவுகரியம் இருந்தது. மூடியைத் தள்ளி, நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வந்துவிடும். கெட்டது பேட்டரி மட்டும்தான். போன் பிழைத்துக்கொண்டது.

ஒட்டிப்போட்ட பேட்டரி

9 ஆண்டு கழித்து, 2016-ல் சாம்சங் கம்பெனி அந்தச் சவுகரியம் இல்லாமல் மாட்டிக்கொண்டது. ஆகஸ்டு 19-ந் தேதி வெளிவந்த கேலக்சி நோட்-7 போனில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தது. தீப்பிடிக்கிறது என்று புகார் குவிந்ததும், செப்டம்பர் 2-ந் தேதி 25 லட்சம் போன்களை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போனும் தீப்பிடித்தது! அக்டோபர் 11-ந் தேதி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் 59 ஆயிரத்து 900 ரூபாய் விலை சொல்லி, முன்பதிவும் வாங்கியிருந்தார்கள். கடைக்கு வருவதற்குள் விஷயம் வெடித்துவிட்டதால் இங்கே அது விற்பனைக்கே வரவில்லை. தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் செப்டம்பர் 23-ந் தேதி சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் புகை! தலைக்கு மேலே சாமான் வைக்கும் இடத்தில் இருந்த சாம்சங் நோட்-2 போனில் இருந்து வந்தது அது. வாபஸ் பட்டியலில் இல்லாத பழைய மாடல். ஊழியர்கள் தீயணைப்புக் கருவியை அடித்து, போனைத் தண்ணீரில் அமுக்கி வைத்தார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

ஆக, வாபஸ் அறிவித்தால்தான் ஆபத்து என்பதில்லை.

காரணம் என்ன? பேட்டரிக்குள் இரண்டு உலோகத் தகடுகள். நடுவே காகிதம் போல மெல்லிய தடுப்பு. அது எங்காவது கிழிந்தால் தகடுகள் உரசி, சூடு மேல் சூடு ஏறி, தீ. நோட்-7 விவகாரத்தில், ஒரு கம்பெனியின் பேட்டரியில் மூலையில் தகடு மடங்கிப்போனது. இன்னொரு கம்பெனியின் பேட்டரியில் வெல்டிங் பிசிறு. 2017 ஜனவரி 23-ந் தேதி சாம்சங்கே இதை விளக்கியது.

திரும்பி வந்தவை

பேட்டரியை மட்டும் கழற்ற முடியாததால் முழு போனும் திரும்பி வரவேண்டும். எப்படி? குறையுள்ள லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக்கூடாது. தீப்பிடிக்காத பெட்டியும் கையுறையும் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பி, தரை வழியாகவே வாங்கிக்கொண்டார்கள். விற்றது 30 லட்சத்துக்கு மேல். 2017 ஜனவரிக்குள் 96 சதவீதம் திரும்பிவிட்டது. மீதி 4 சதவீதம் என்பதே ஒரு லட்சத்துக்கு மேல்! கொடுக்க மனமில்லாதவர்களின் போனில், அமெரிக்காவில் சார்ஜே ஏறாதபடி கம்பெனி செய்துவிட்டது.

குவிந்த போன்களை என்ன செய்வது? குப்பையில் கொட்டிவிடக் கூடாது என்று கிரீன்பீஸ் அமைப்பு கிளம்பியது. 2017 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் சாம்சங் நடத்திய கூட்டத்துக்குள்ளேயே புகுந்து குரல் கொடுத்தார்கள். அடுத்த மாதமே சாம்சங் இறங்கி வந்தது. சிறிய பேட்டரி போட்ட 4 லட்சம் போன்கள் ஜூலையில் தென்கொரியாவில் புதுப் பெயரில் விற்பனைக்கு வந்தன. மற்ற போன்களில் இருந்து கேமரா, திரை, மெமரி சிப் எல்லாம் கழற்றப்படும், தங்கம், வெள்ளி, கோபால்ட், தாமிரம் என்று 157 டன் உலோகம் மீட்கப்படும் என்று அறிவித்தார்கள். யாரோ கத்தியதால்தான் அது நடந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்.

சாவி சேராத பூட்டைத் திருப்பிக் கொண்டுபோனால் திண்டுக்கல் பட்டறைக்காரர் அரம் போட்டுச் சரிசெய்து கொடுப்பார். தேறாது என்றால் இரும்பாக எடைக்குப் போடலாம். பேட்டரியை அப்படி எடைக்குப் போடுவதுதான் வினை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய காலம் போய், பழைய செல்போனுக்குப் பிளாஸ்டிக் சாமான் என்று மைக்கில் கூவுகிற காலம் இது. மூட்டையில் போகிற பேட்டரி நசுங்கினாலும், கடையில் சுத்தியல் அடி பட்டாலும் புகை கிளம்பும். அடிப்பவர் பெரும்பாலும் அன்றாடக் கூலி.

முறைப்படி செய்கிற இடத்தில் முதலில் பேட்டரியில் மிச்சம் இருக்கும் மின்சாரத்தை இறக்குகிறார்கள். பிறகு மூடிய எந்திரத்தில் பொடியாக்கி, கருந்தூளில் இருந்து கோபால்ட்டும் லித்தியமும் பிரிக்கிறார்கள். சுத்தியல் வேலை அல்ல அது.

சட்டம் இருக்கிறது

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டு அபாயக் குப்பையை வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு இடம் வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே எழுதினார்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், தயாரித்து விற்றவரே திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்கக்கூடாது என்று பொதுஜனத்துக்கும் அதில் கட்டளை உண்டு. ஆபத்தான பொருளை வாபஸ் வாங்கு என்று உத்தரவிட, 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி மத்திய ஆணையம் இருக்கிறது.

ஆனால் வேடசந்தூர் பக்கம் இருந்து உப்பிய போனோடு வருகிறவருக்கு டெல்லி ஆணையம் என்ன செய்யும்? அவருக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டுக் கடை. கடைக்காரருக்குத் தெரிந்தது அட்டைப் பெட்டி. நடுவில் ஒரு முகவரி வேண்டும்.

கடைக்காரர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தகர டின்னில் காய்ந்த மணலை நிரப்பி வைக்கட்டும். பேட்டரியின் மின்முனையில் டேப் ஒட்டி, மணலுக்குள் புதைக்கட்டும். உப்பியதை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சில வீரர்கள் கிளம்புகிறார்கள். வேண்டாம் சாமி! கண் போய்விடும்.

கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்கள், தங்கள் போனில் இருந்து கழன்ற பேட்டரியை யார் கொண்டுவந்தாலும் பில் கேட்காமல் வாங்க வேண்டும். விற்கும்போது கேட்காத கேள்வியைத் திரும்ப வாங்கும்போது கேட்பது நியாயமில்லை.

மணல் டின் நிறைந்ததும் அதை எந்த வாசலில் கொண்டுபோய் இறக்குவது? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரிடம்? மாநகராட்சி அதைத் தமிழில் எழுதி, பஸ் ஸ்டாண்டு நுழைவாயிலில் பஸ் நேரப் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டட்டும்.