மோட்டாருக்கு ஆம்ஸ் பார்க்கிறோம், அம்மா போர்வைக்கு?

"திண்டுக்கல் பக்கம் எதுக்குங்க கரண்டு போர்வை? அது கொடைக்கானல்காரங்க சமாச்சாரம்ல?" இப்படிக் கேட்கிறவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தை. சமவெளியில மார்கழி விடியக்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். உங்களுக்கும் எனக்கும் அது சுகமான குளிர். எழுபத்தஞ்சு வயசுல, ஓட்டு வீட்டுல, சிமெண்டுத் தரையில கட்டில் போட்டுப் படுக்கிற அப்பத்தாவுக்கு அது எலும்பைக் கவ்வுற குளிர். அதனாலதான் இப்ப எங்க ஊருக்குள்ளயும் இந்தப் போர்வை வந்துருச்சு. வாங்குறது கிழவியில்ல. சென்னையில, பெங்களூருல, துபாயில இருக்கிற பிள்ளைங்கதான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்புறாங்க.

அனுப்புறது நல்ல மனசு. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. என் கேள்வி வேற. அது ஒழுங்கா சூடாகுதா, சரியான அளவு கரண்டு இழுக்குதான்னு பார்த்தது யாரு?

போன்ல கேட்பீங்க. "நல்லாருக்குப்பா, கதகதன்னு இருக்கு"ன்னு பதில் வரும். காசு போட்டு அனுப்புன மகன்கிட்ட வேற என்ன சொல்லுவாங்க? சூடே வரலைன்னாலும் அதே பதில்தான், காலடியில ஒரு இடம் மட்டும் சுட்டாலும் அதே பதில்தான். சுவிட்சுல சிவப்பு லைட் எரியுதான்னு கேட்டா, எரியுதும்பாங்க. அந்த லைட் சுவிட்ச் வரைக்கும் கரண்டு வந்திருக்குன்னு சொல்லும். போர்வைக்குள்ள ஓடுற கம்பி என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது.

எங்க பக்கம் கறிக்கோழிப் பண்ணை நிறைய. ஒரு நாள் வயசுக் குஞ்சு இறங்குனா, தகடு வச்சு வட்டம் கட்டி, பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு குடுக்கணும். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியாக் குறைச்சுக்கிட்டே வரணும். பல்பு எரியுறதைப் பார்த்து எந்தப் பண்ணைக்காரனும் திருப்திப்பட மாட்டான். குஞ்சைப் பார்ப்பான். பல்புக்கடியில குமிஞ்சு கிடந்தா சூடு பத்தல. பல்பை விட்டு விலகி ஓரத்துல ஒட்டி நின்னு வாயைப் பொளந்தா சூடு ஜாஸ்தி. வட்டம் முழுக்கப் பரவலா மேஞ்சா சரியான சூடு. குஞ்சு பொய் சொல்லாது. பெத்தவங்க பிள்ளைக்காகப் பொய் சொல்லுவாங்க. அதனால அவங்க விஷயத்துல மீட்டரைத்தான் கேட்கணும்.

மீட்டர்னா பயப்பட வேண்டாம். வீட்டு ஈ.பி. மீட்டரே போதும். அதுல ஒரு சின்ன சிவப்பு லைட் விட்டு விட்டு மினுக்கும். பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு எழுதியிருக்கும். பல மீட்டர்ல 3200ன்னு இருக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாத்தையும் அணைச்சுட்டு, போர்வையை மட்டும் அதிகபட்ச சூட்டுல போடுங்க. ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை விநாடின்னு போன்ல பாருங்க. 3200 மீட்டரா இருந்தா, 1125ஐ அந்த விநாடியால வகுத்தா வாட் வந்துரும். 11 விநாடிக்கு ஒருதரம் மினுக்குனா ஏறக்குறைய 100 வாட். 19 விநாடின்னா 60 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. போர்வையில தைச்சிருக்கிற துணிச்சீட்டுல போட்டிருக்கிற வாட்டோட ஒப்பிட்டுக்கங்க. மினுக்கே வரலைன்னா உள்ளே எங்கயோ கம்பி அறுந்திருக்கலாம். பாதி வாட்டுதான் காட்டுதுன்னா, இரட்டைக் கம்பி ஓடுற போர்வையில ஒரு பக்கம் செத்திருக்கலாம். இதைப் போட்ட முதல் பத்து நிமிஷத்துக்குள்ள பார்த்துரணும். சூடு ஏறுனதும் தெர்மோஸ்டாட் தானா அணைச்சு அணைச்சுப் போடும். அப்ப எண்ணுனா கணக்குத் தப்பும்.

ஆனா கிராமத்துல இன்னொரு கணக்கு இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தள்ளி, கடைசிக் கம்பத்துல இருக்கிற வீட்டுக்கு சாயங்காலம் 230 வோல்ட் வராது. 180தான் வருதுன்னு வைங்க. வோல்ட் குறையுற வேகத்தைவிட சூடு வேகமாக் குறையும். 100 வாட் போர்வை 61 வாட்தான் இழுக்கும். போர்வை மேல தப்பில்ல, லைன்லதான் குறை. இதுல ஆபத்து என்னன்னா, ராத்திரி எட்டு மணிக்குக் கதகதப்பு பத்தலைன்னு அம்மா நம்பரைக் கடைசி வரைக்கும் திருகி வச்சுட்டுத் தூங்கிரும். நடுராத்திரி ஊரெல்லாம் அடங்குனதும் வோல்ட் ஏறும். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தாப் பிழைச்சோம். மட்டமான போர்வையா இருந்தா, தூங்குற உடம்புக்கு அடியில ஒன்றரை மடங்குக்கு மேல சூடு. அதனால வோல்ட்டையும் பாருங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கிற மல்டிமீட்டர் ஒரு நிமிஷத்துல சொல்லிரும். தொடர்ந்து குறைவா இருந்தா மின்னகம் 94987 94987க்குப் போன் பண்ணிப் பதிவு பண்ணுங்க.

வெளிநாட்டுச் சொந்தம் கொண்டு வந்த போர்வைன்னா இன்னும் உஷார். அமெரிக்கா, கனடா வீடுகள்ல பிளக்குக்கு வர்றது 120 வோல்ட். அந்த ஊருக்குன்னு செஞ்ச போர்வையை இங்க சொருகுனா மூணரை மடங்குக்கு மேல சூடு கிளம்பும். கடையில வாங்குற அடாப்டர் பிளக்கோட ஊசியைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. சீட்டுல 220-240ன்னு இல்லாத போர்வையை சொருகிப் பார்க்கக்கூட வேண்டாம்.

மீட்டர் சரின்னு சொன்னா மட்டும் வேலை முடியாது. மொத்த வாட் சரியா இருக்கும், ஆனா ஒரே இடத்துல சுடும். தோசைக்கல்லுல ஒரு ஓரம் மட்டும் கருகுற மாதிரி. போர்வையை மடிப்பில்லாம விரிச்சு, மேல இன்னொரு கம்பளி போட்டு, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு உள்ளே உள்ளங்கையால முழுக்கத் தடவிப் பாருங்க. சில்லுனு ஒரு பட்டை இருக்கா, சுரீர்னு ஒரு புள்ளி இருக்கா, கருகல் வாசம் வருதா, பிளக் கையில சுடுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் அந்தப் போர்வை வேண்டாம். இந்தச் சோதனையை நீங்க செய்யணும், அம்மாவைச் செய்யச் சொல்லக் கூடாது. இருபது வருஷம் சர்க்கரை இருந்த காலுக்குப் பல சமயம் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். அந்தக் கொப்புளம் ஆற எத்தனை மாசமாகும்னு சர்க்கரைக்காரங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.

நம்ம வீடுகளுக்குன்னே சில விஷயம் இருக்கு. கயித்துக் கட்டில் நடுவுல குழியும், போர்வை அங்க மடிஞ்சு கம்பி மேல கம்பி ஏறும். முந்தானையில குத்துன ஊக்கு கம்பியில இறங்கும். வெயில் காலம் முழுக்க டிரங்குப் பெட்டியில நாலா மடிச்சுக் கிடந்தது மடிப்புலயே ஒடியும். நெல்லு மூட்டை இருக்கிற வீட்டுல எலி ஒயரைக் கடிக்காம விடாது. இதெல்லாம் விக்கிறவன் தர்ற காகிதத்துல இருக்காது.

"இவ்வளவு தொல்லைக்குப் பழைய கம்பளியே போதுமே"ன்னு சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். வயசானவங்களுக்குக் கதகதப்பு ஆடம்பரமில்ல. படுக்கிறதுக்கு அரை மணிக்கு முன்னாடி போட்டு, படுத்ததும் அணைச்சுட்டா ஆபத்து பெருமளவு குறையும். 100 வாட் போர்வை அரை மணிக்கு இழுக்கிறது ஒரு யூனிட்ல இருபதுல ஒரு பங்கு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற நம்ம ஊர்ல அதுக்கு யோசிக்க வேண்டியதில்ல. வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு மாட்டிருங்க. கசிவு வந்தா அது கரண்டை வெட்டிவிடும்.

இங்கிலாந்துல குளிர்காலத்துக்கு முன்னாடி பல ஊர்கள்ல உள்ளாட்சியும் தீயணைப்புத் துறையும் இலவசமாப் போர்வையைச் சோதிச்சுக் குடுக்கிறாங்க. பத்து வருஷத்துக்கு மேலான போர்வையை மாத்தச் சொல்றாங்க. நம்ம ஊர்லயும் இது பெரிய காரியமில்ல. ஐ.டி.ஐ.யில எலக்ட்ரீஷியன் படிக்கிற பசங்க, ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை ஊர்ச் சாவடியில மல்டிமீட்டரோட உட்கார்ந்தா, ஊரிலுள்ள போர்வை, ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாத்தையும் பார்த்து முடிச்சுரலாம். ஊராட்சி டீச்செலவைப் பார்த்துக்கட்டும்.

அது நடக்கிற வரைக்கும் பொறுப்பு உங்களுதுதான். எங்க ஊர்ல எந்த விவசாயியும் ஸ்டார்ட்டர் பெட்டியில வோல்ட் பார்க்காம மோட்டார் போட மாட்டான். போட்ட பிறகு ஆம்ஸ் முள் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் வரப்புல கால் வைப்பான். காயில் எரிஞ்சா ஆயிரக்கணக்குல செலவாகும்ங்கிற பயம். அந்தப் பயத்துல பாதி பெத்தவங்க படுக்கிற கட்டில் மேல இருந்தாப் போதும். தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. மினுக்கை எண்ணுங்க, கையால தடவுங்க, பிளக்கைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் பட்டாசு வெடிக்கலாம்.