பாம்புக்குச் சாபம் கொடுத்தது யார்?

பாம்பு சாபம் கொடுக்கும், தோஷம் பிடிக்கும் என்று பயந்து நம் ஜனங்கள் புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள். அந்தப் பாம்பினமே ஒரு பூஞ்சக்காளானுக்கு இரையாகிச் சாகிறதென்றால், அதற்குச் சாபம் கொடுத்தது யார் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாகாணத்தில், வாலைக் கிலுகிலுவென்று ஆட்டும் விஷப்பாம்புக் கூட்டம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. 2006, 2007-ஆம் வருஷங்களில் அக்கூட்டம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. பாம்புகளின் முகத்திலும் உடம்பிலும் பூஞ்சைப் புண்கள் காணப்பட்டன. பிறகு மற்ற மாகாணங்களிலும், 2017-ல் ஐரோப்பாவிலும் இந்நோய் உண்டென்று வெளியாயிற்று.

ஓபிடியோமைசிஸ் என்னும் இப்பூஞ்சை பாம்பின் தோலையும் செதிளையும் அரிப்பது. மண்ணிலும் உயிரோடு கிடப்பது. நோய்கண்ட பாம்பு உரசினாலும் தொத்தும். பூஞ்சையுள்ள மண்ணில் ஊர்ந்தாலும் தொத்தும். குளிர்காலத்தில் பல பாம்புகள் ஒரே பொந்தில் மாதக்கணக்காய் ஒடுங்கிக் கிடப்பதும், ஈரமும் இதற்கு நல்ல வசதி. நோய்கண்ட பாம்பு அடிக்கடி சட்டையுரித்துப் பார்க்கும். அகாலத்தில் வெயில் காய வெளியே வந்து, குளிருக்கோ பிற பிராணிகளுக்கோ பலியாகும்.

இது வெறும் ஊகமல்லவா என்பார்க்குப் பதில் உண்டு. 2015-ல் வெளியான சோதனையில், நோயற்ற பாம்புகளுக்கு இப்பூஞ்சையைத் தடவினார்கள். அதே புண்கள் வந்தன. புண்ணிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்தும் காட்டினார்கள். எந்தச் சாபத்தையாவது யாராவது இப்படி எடுத்துக் காட்டியதுண்டா?

மேலும், 2022-ல் வெளியான ஆராய்ச்சி, இப்பூஞ்சை அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து பலமுறை வந்திருக்கலாமென்றும், வளர்ப்புப் பாம்பு வியாபாரம் அதற்கு வழியாயிருந்திருக்கலாமென்றும் சொல்லுகிறது. அப்படியானால் குற்றம் கடவுளுடையதல்ல, மனிதனுடையது. குற்றம் மனிதனுடையதானால் பரிகாரமும் அவன் கையில்தான் இருக்கிறது.

அப்பரிகாரம் பாலும் முட்டையுமல்ல. பாம்புப் பொந்துகளுக்குப் போகிறவர்கள் பூட்ஸையும் கருவிகளையும் மருந்திட்டுக் கழுவவேண்டும். வளர்த்த பாம்பைக் காட்டில் விடக்கூடாது. "விஷ ஜந்து தொலைந்தால் நல்லதுதானே" என்பவர்கள், வயலில் எலியைத் தின்பது யார் என்று யோசிக்கட்டும்.

தோழர்களே! பாம்பை வணங்கவும் வேண்டாம், கண்ட இடத்தில் அடிக்கவும் வேண்டாம். காரணத்தைத் தேடுங்கள். காரணம் தெரிந்த இடத்தில் சாபத்துக்கு வேலையில்லை என்பதே நமது அபிப்பிராயம்.