சம்மட்டி அடித்த கை

விசைச் சம்மட்டி வந்ததும் கொல்லரின் கலை போயிற்று என்று இலக்கிய நண்பர்கள் அவ்வப்போது வருந்துவதுண்டு. மீஞ்சூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் முழுதும் நின்று பார்த்தபின் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பட்டறையில் அதற்குப் பெயர் 'பவர் ஹேமர்'. மோட்டார், பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தில் மையம் விலகிப் பொருத்திய முளை, ஒரு தண்டை மேலும் கீழும் ஆட்டுகிறது. லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டைகள் அந்த ஆட்டத்தை வாங்கிச் சம்மட்டித் தலையைச் சுண்டி இறக்குகின்றன. அடிக்க அடிக்க இரும்பின் கனம் குறைந்துகொண்டே போகும். தண்டையும் தலையையும் நேராகப் பிணைத்திருந்தால் ஏதேனும் ஒன்று முறிந்துவிடும். வில் வளைந்து ஈடுகொடுக்கிறது. காலடியில் ஒரு மிதி. மெல்ல மிதித்தால் தட்டும், அழுத்தினால் இடிக்கும்.

அன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது பழவேற்காட்டுப் படகு ஒன்றுக்கான நங்கூரம். குறட்டால் கம்பியைத் திருப்பியவரும், நிறம் பார்த்து மிதியை அழுத்தியவரும் கொல்லர்தாம். மங்கிய சிவப்பில் அடித்தால் இரும்பு வெடிக்கும். வெண்மையேறிப் பொறி பறந்தால் எரிந்து வீணாகும். இயந்திரத்துக்கு இவை தெரியா. கலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் போனது எது? முன்பெல்லாம் கொல்லர் சிறுசுத்தியலால் இடங்காட்ட, எதிரே நிற்பவர் சம்மட்டியை ஓங்கி அடிப்பார். இப்பட்டறையில் அப்படி அடித்தவர் அவருடைய மனைவி. "கையத் தூக்கித் தலை வார முடியாது சார்" என்றார் அந்த அம்மாள். நாம் கலை என்று போற்றியதில் பாதி அவருடைய தோள்வலி.

மான்செஸ்டர் அருகே ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் நீராவிச் சம்மட்டியை வரைந்ததற்கு, பெருங்கப்பலின் அச்சை அடித்து உருவாக்கும் தேவை காரணமாயிற்று. இங்கே தேவை இன்னும் எளியது: ஒரு பெண்ணின் தோளுக்கு ஓய்வு.

கச்சிப்பேட்டு நன்னாகையார் இதை எப்போதோ கண்டுவிட்டார். குறுந்தொகை 172ஆம் பாடலில், ஏழூர்களின் வேலையைத் தாங்கும் ஓரூர் உலைத்துருத்தியை எல்லையறியாது வருந்தும் நெஞ்சுக்கு உவமையாக்கினார். உலைக்களத்தில் அவர் கண்டது ஓயாத களைப்பை. வகுப்பில் பல ஆண்டுகள் அப்பாடலை நடத்திய எனக்கு அது மீஞ்சூரில்தான் உறைத்தது.

இயந்திரத்தின்மீது குறை சொல்ல வேண்டுமானால் அதன் இரைச்சலைச் சொல்லலாம். ஒவ்வொரு கேள்வியையும் நான் இருமுறை கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கொல்லரின் காதில் அடைப்பான் எதுவும் இல்லை. நம் வருத்தம் அதற்காக இருக்கட்டும்.