ஓடைக்கும் ஓர் எல்லை வேண்டும்

பூமியைத் தோண்டும் தொழில் காட்டையும் நீரோடையையும் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வி, கருங்கல் குவாரிகளின் வழியாகத் தேனி மாவட்டத்தையும் எதிர்கொண்டு நிற்கிறது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளைத் திருத்தி, தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என ஆணையிட்டது. 2022 டிசம்பரில் அப்பட்டியலிலிருந்து காப்புக்காடுகள் மட்டும் நீக்கப்பட்டன. இந்தத் தளர்வை அரசு திரும்பப் பெற வேண்டும்.

காப்புக்காடு என்பது வனச் சட்டத்தின்கீழ் எல்லை வரையறுத்து அரசு அறிவித்த காடு. சரணாலயம் என்ற தகுதி அதற்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் விலங்குகள் அந்த வேறுபாட்டைப் பார்த்து நடமாடுவதில்லை. 2021 பிப்ரவரியில் உருவான திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்கு வெளியே, போடி மலைச்சரிவுகள் காப்புக்காடுகளாகவே இருக்கின்றன. அம்மலையடியில் உள்ள பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குச் சுரங்கம் குடைவதை எதிர்த்து 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் அளித்த தமிழ்நாடு அரசு, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் கேரளத்தின் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலி வழித்தடம் அம்மலை என்றும், கொட்டக்குடி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் வாதிட்டது. அது சரியான வாதம். ஆண்டு முடிவதற்குள் அதே வகைக் காட்டின் விளிம்பைக் குவாரிக்குத் திறந்துவிட்டது எந்த நியாயத்தில் சேரும்?

காட்டு எல்லையை மட்டும் அளந்தாலும் போதாது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகைக்கும் அதன் துணையாறுகளுக்கும் நீர் சேர்ப்பவை, ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடந்து மழையில் உயிர்பெறும் ஓடைகள். கோடையில் வெறும் மணல் தடமாகத் தெரியும் இவற்றின் கரையில்தான் நீர்மருதும் நாவலும் புங்கையும் வரிசையாக நிற்கின்றன; தரையிறங்க அஞ்சிக் கிளைவழியே தாவிச் செல்லும் சாம்பல் நிற அணிலுக்கு, வறண்ட சரிவில் அந்த மரவரிசையே வீடும் பாதையும். கல் உடைக்கும் கிரஷருக்கு அருகே குவிந்த கல்தூளை ஐப்பசியின் முதல் கனமழை அடித்துச் சென்று ஓடையில் சேர்க்கும்போது, கூழாங்கற்களின் இடுக்குகள் சாம்பல் நிறச் சேற்றால் அடைபடுகின்றன. மீன் முட்டைகளும் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களும் வாழ்வது அந்த இடுக்குகளில்தான். பக்கத்தில் ஆழமாக வெட்டப்படும் குழியோ பாறை வெடிப்புகளின் ஊற்றுநீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாதிப்பு காட்டுயிரோடு நிற்காமல் கீழே உள்ள தோட்டக் கிணறுகள் வரை போகிறது.

ஆற்றுமணலுக்கு மாற்றாகப் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் தேவைப்படுவதும், குவாரியை நம்பிப் பல குடும்பங்கள் பிழைப்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆனால் ஆற்றைக் காப்பதற்காக வந்த மாற்று, அந்த ஆற்றுக்கு நீர் தரும் ஓடையை அழித்து வளரக் கூடாது. ஓடைக்கும் எல்லை வகுத்த முன்னுதாரணம் உண்டு: அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 1977இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, 1983இன் விதி ஓடையின் இரு புறமும் 100 அடியைத் தடுப்பு வளையமாக வைத்தது. ஆண்டு முழுதும் ஓடாத ஓடைகளையும் அது உள்ளடக்கியது. விதிவிலக்குகள் அதைப் பின்னர் வலுவிழக்கச் செய்தன என்பதும் கவனிக்கத்தக்கது. நிலத்தைச் சீரமைக்கும் செலவுக்கு உரிமம் பெறும்போதே பிணைத்தொகை கட்ட வேண்டும் என்ற அச்சட்டத்தின் ஏற்பாடு, கைவிடப்பட்ட குழிகள் நீர்தேங்கிக் கிடக்கும் நம் மாவட்டங்களுக்கு உடனடியாகத் தேவை.

சிறுகனிமங்களுக்கு மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கை கூறுகிறது. தேனிக்கான அறிக்கையில், ஓடைப் புறம்போக்கு என வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நீர்வழியையும் வனத்துறையும் நீர்வளத்துறையும் மழைக்காலத்தில் நேரில் சென்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அது முடியும் வரை மலையடிவாரத்தில் புதிய குத்தகை எதையும் மாவட்ட நிர்வாகம் ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது.