சல்லடையில் நின்றதெல்லாம் கல்லா?

ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டால் ஓர் உயிர் போகுமா? போகக்கூடும் என்றே கருதுகிறோம். மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் இறுதிவரை வாசித்துவிட்டு நம்மோடு சண்டைக்கு வரலாம்.

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, இன்று சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலை அலுவலகத்தில் கணக்கெழுதும் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் வீட்டுக்கு வந்தார். முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று, ஓர் ஆய்வுக்கூடத்தின் வண்ணத் துண்டறிக்கை. 'பிறக்கப்போகும் குழந்தைக்குக் குறை உண்டா? சிறிதளவு இரத்தம் போதும். 99 சதவீதம் துல்லியம்' என்று அழகான தமிழில் அச்சிட்டிருந்தது. மற்றது ஆங்கிலத்தில் வந்த முடிவு. 21ஆம் குரோமோசோமுக்கு நேரே 'உயர் இடர்' என்னும் பொருள்தரும் இரண்டே சொற்கள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுன்னா முடிஞ்சுபோன மாதிரிதானே சார்? வீட்டுல கலைச்சிரச் சொல்றாங்க" என்றார்.

விளம்பரம் தமிழில், விளக்க வேண்டிய முடிவு ஆங்கிலத்தில். விற்பதற்குத் தாய்மொழி, விலகி நிற்பதற்கு அயல்மொழி! நம் சினம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அச்சோதனையைப் பற்றி நாம் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறோம். கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் கருவைச் சார்ந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை டென்னிஸ் லோவும் அவருடன் உழைத்தோரும் 1997இல் கண்டறிந்து வெளியிட்டனர். 2011இல் அது சந்தைக்கு வந்தது. பத்தாவது வாரம் முதல் தாயின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, அத்துணுக்குகளை எண்ணுகிறார்கள். 21ஆம் குரோமோசோமின் துணுக்குகள் இருக்கவேண்டிய அளவைவிடச் சற்றே மிகுந்திருந்தால் டவுன் குறைபாடு இருக்கலாம் என்று ஐயுறுகிறார்கள். 18, 13 ஆகிய குரோமோசோம்களுக்கும் இதே முறைதான். வயிற்றுக்குள் ஊசி செல்வதில்லை, ஆகவே கருச்சிதைவு அச்சமும் இல்லை. அரிய கண்டுபிடிப்பு என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை.

ஆனால் அத்துணுக்குகள் பெரும்பாலும் குழந்தையின் உடலிலிருந்து வருவன அல்ல, நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்வன. கொடியில் பிழையிருந்து குழந்தையில் இல்லாமற்போவதும் உண்டு. அதனால்தான் இதனைத் தொடக்கநிலைச் சலிப்பு என்றே மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. உறுதி செய்ய வேண்டுமானால் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்து ஆராய்ந்தாக வேண்டும்.

இனி அந்த 99 சதவீதத்துக்கு வருவோம். இருபதுகளில் இருக்கும் தாய்மார்க்கு டவுன் குறைபாடுள்ள கரு உருவாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. ஒரு லட்சம் இளம் தாய்மார் இச்சோதனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு கருக்களில் குறைபாடு இருக்கும். சோதனை அவற்றுள் 99ஐப் பிடித்துவிடும். விளம்பரம் சொல்வது இதைத்தான், அது பொய்யுமன்று. ஆனால் மீதமுள்ள 99,900 நலமான கருக்களில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாக நிறுத்தினாலும் ஏறக்குறைய இன்னொரு நூறு பேருக்கு அதே 'உயர் இடர்' தாள் போய்ச்சேரும். ஆக, தாளைப் பெற்றவர் ஏறத்தாழ இருநூறு பேர், அவருள் பாதிப்பேரின் குழந்தைக்கு ஒன்றுமில்லை! தாய்க்கு வயது நாற்பது என்றால் வாய்ப்பு நூற்றில் ஒன்றாக உயர்கிறது. அப்போது தாள் பெற்ற பதினொருவரில் பதின்மருக்கு அது மெய்யாகிவிடுகிறது. சோதனை ஒன்றுதான், தாளின் பொருள் மட்டும் வயதுக்கேற்ப மாறுகிறது. இருபத்தைந்து வயதான நம் மாணவிக்கு இதை யாரும் சொல்லவில்லை.

'படிப்பறிவு குறைந்த ஊரில் இதெல்லாம் நடக்கும்' என்று பெருநகரத்து நண்பர்கள் உதட்டைப் பிதுக்க வேண்டாம். உறுதிப்படுத்தும் சோதனை செய்யாமலே சிலர் கருவைக் கலைத்திருக்கிறார்கள் என்று 2022 ஏப்ரலில் எச்சரித்தது அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம். ஆங்கிலமே தாய்மொழியான நாட்டிலும் இதுதான் நிலை.

அடுத்து, 'குறை' என்னும் அந்தச் சொல். குறைப்பிறவி பற்றிய அச்சம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைப் பிறவிகளை வரிசைப்படுத்துகிறார். அவ்வெட்டில் பார்வையின்மை, கேளாமை, பேசாமை, கூன் ஆகியவற்றுள் ஒன்றைக்கூடப் பொதுவாகச் செய்யப்படும் இச்சோதனை தேடுவதில்லை. இதயத்தில் உள்ள துளையை அது காணாது. முதுகுத்தண்டு மூடாமையையும் காணாது. அதற்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே உட்கொள்ளும் ஃபோலிக் அமிலமும் ஐந்தாம் மாத ஸ்கேனும் வேண்டும். 'குறை உண்டா?' என்று பொதுப்படக் கேட்டுவிட்டு, மூன்று நான்கு குரோமோசோம்களை எண்ணிக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

நம் வட்டாரத்துக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது இங்கே உரிமை, சில குடும்பங்களில் கடமையும்கூட. இத்தகைய மணங்களில் கூடுதலாக வெளிப்படுவன, பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை சேர்வதால் வரும் நோய்கள். குரோமோசோம்களை எண்ணும் சோதனை அவற்றைத் தொடுவதே இல்லை. பட்டாசு மருந்தோடு புழங்கிய பெண், 'என் வேலையால் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?' என்று கேட்கிறாள். அதற்கும் அந்தத் தாளில் விடை கிடையாது. எந்த அச்சத்தினால் காசு கொடுக்கிறாளோ அந்த அச்சத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு விடை அவள் கையில் திணிக்கப்படுகிறது.

இரத்தம் பேசியும் மனிதர் பேசாதிருந்தால் என்ன ஆகும் என்பதை இம்மாவட்டம் ஒருமுறை கண்டிருக்கிறது. 2018 டிசம்பரில், இரத்தசோகைக்காகச் சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடையளித்த இளைஞரின் தொற்று 2016இலேயே சோதனையில் தெரிந்திருந்தும் அவருக்கு அறிவிக்கப்படவில்லை. பின்னர் வேறொரு சோதனையில் தாமே அறிந்து, ஓடிவந்து எச்சரித்தவரும் அவரே. காலம் கடந்துவிட்டிருந்தது. குற்ற உணர்வில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பெண்ணுக்கு 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்றில்லை எனப் பின்னர் தெரிந்தது ஒன்றே ஆறுதல். சோதனைக் குழாய் தன் கடமையை 2016இலேயே செய்துவிட்டது. செய்யாதது சொல்.

நாம் சொல்ல வந்தது இதுதான். இரத்தம் எடுப்பது சோதனையின் பாதி, உரியவருக்கு விளங்கச் சொல்வது மறுபாதி. மறுபாதியைச் செய்யாதவர் முழுச் சோதனைக்கும் கூலி வாங்குவது மோசடி. இது நம் விருப்பம் மட்டுமன்று. பிறப்புக்கு முந்தைய சோதனைகளை முறைப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பெண்ணுக்கு விளக்கிச் சொல்லி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துவடிவ ஒப்புதல் பெறவேண்டும் என்கிறது. அதே சட்டம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லக்கூடாது என்றும் விதிக்கிறது. அந்த மௌனம் அறம். ஏனைய அனைத்திலும் மௌனம் காப்பது அறமன்று.

'ஏழைப் பெண்களுக்கு நிகழ்தகவெல்லாம் புரியுமா?' என்று சிலர் கேட்பர். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியதற்கும் சரவெடி பின்னியதற்கும் கூலிக்கணக்கைப் பைசா பிசகாமல் சொல்கிறவர்கள், சீட்டு ஏலத்தில் தள்ளுபடியை மனத்திலேயே கழிக்கிறவர்கள், ஆயிரத்தில் ஒன்று என்றால் விளங்கிக்கொள்ள மாட்டார்களா? புரியாது என்பவர்கள் சொல்லிப்பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை.

குற்றக்கூண்டில் தமிழ் படித்த நாமும் நிற்கிறோம். தொடக்கநிலைச் சலிப்பையும் நோயை உறுதிசெய்வதையும் 'பரிசோதனை' என்னும் ஒற்றைச் சொல்லால் நாம்தானே மூடிவைத்தோம்? 'ஊடுருவா மகப்பேற்று முன்மரபணுப் பரிசோதனை' என்று வாய்நிறையச் சொல்லாக்கிவிட்டு, யாருக்கு விளங்கியது என்று திரும்பிப் பார்த்தோமா? விருதுநகர்ப் பருப்பு மண்டியில் வேலை செய்யும் எந்தப் பெண்ணையும் கேளுங்கள். சல்லடையில் நின்றதெல்லாம் கல்லன்று, அதைச் சுளகில் கொட்டிக் கையால் தேடிப்பார்த்த பிறகே கல்லை எறியவேண்டும் என்பாள். ஆகவே முன்னதைச் 'சல்லடைச் சோதனை' என்றும் பின்னதை 'உறுதிச் சோதனை' என்றும் அழைப்போம் என முன்மொழிகிறோம். இதைவிடச் சிறந்த சொல் வைத்திருப்பவர் தரட்டும், நம் சொல்லைக் கைவிடத் தயார். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அங்குள்ள மருத்துவரும் இங்குள்ள தமிழாசிரியரும் ஒரு மாலை உட்கார்ந்தால் ஒரு பக்கத் தமிழ் விளக்கம் எழுதிவிடலாம். நாம் வரத் தயாராக இருக்கிறோம்.

அம்மாணவி மதுரை சென்று உறுதிச் சோதனை செய்துகொண்டார். அதன் விடை என்ன, அதன்பின் என்ன முடிவெடுத்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நம் வாதம் அந்த விடையின் தயவில் நிற்பதாகிவிடும். எந்த விடையாக இருந்தாலும், தெரிந்து முடிவெடுக்கும் உரிமை அவருடையது. அந்த உரிமை அவருக்கு ஓர் ஆங்கிலத் தாளின் இரண்டு சொற்களால் பறிபோக இருந்தது.